பளபளக்கும் கம்பியை நம்பி யாட் வாங்கலாமா?

கேள்வி: 20 வருடம் ஓடிய 32 அடி ஃபைபர்கிளாஸ் பாய்மர யாட் ஒன்றைப் பேசி வைத்திருக்கிறேன். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் முதலில் போட்டவையே. "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தானே, பளபளவென்று இருக்கிறது, மாற்ற வேண்டியதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் படகைச் சோதித்து எழுதிய சர்வே ரிப்போர்ட்டும் இருக்கிறது" என்கிறார் புரோக்கர். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். கம்பிகள் மொத்தத்தையும் மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டே விலை பேசுங்கள்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காப்பது அதன் மேலுள்ள மிக மெல்லிய படலம். கீறினாலும் காற்றுப் பட்டால் அது மறுபடி உருவாகிவிடும். ஆனால் கம்பியின் கீழ்முனையை நசுக்கிப் பிடித்திருக்கிறதே ஸ்வேஜ் குழல், அதற்குள் காற்று புகாது. கம்பி வழியே வடியும் உப்புத் தண்ணீர் மட்டும் இறங்கித் தேங்கும். அரிப்பு உள்ளே நடக்கும், வெளியே பளபளப்பு அப்படியே இருக்கும். காற்றுக்கு மறுபக்கத்துக் கம்பி தளர்ந்து ஆடும்போது உலோகம் களைத்துப் போவதும் குழலின் வாயில்தான். காற்று அடிக்கும் பக்கத்தில் ஒரு கம்பி அறுந்தால் பாய்மரமே முறிந்து விழலாம். அதனால்தான் பல இன்சூரன்ஸ்காரர்கள் 10 அல்லது 15 வருடம் தாண்டிய கம்பிகளை மாற்றச் சொல்கிறார்கள்.

நீங்களே பார்க்க: மெல்லிய டிஷ்யூ காகிதத்தைக் கம்பியைச் சுற்றிப் பிடித்து மேலிருந்து கீழே இழுங்கள். எங்காவது சிக்கினால் இழை அறுந்திருக்கிறது. வெறுங்கையால் தடவாதீர்கள், சதையைக் கிழித்துவிடும். வழக்கமான கம்பியில் 19 இழைகள். ஒன்று போனாலும் அந்தக் கம்பி கழிவுதான், அதே வயதுள்ள மற்றவையும் அப்படியே. பிறகு பூதக்கண்ணாடியால் கீழ் ஸ்வேஜைப் பாருங்கள். நீளவாக்கில் மயிரிழை விரிசலோ, வாயில் பழுப்புக் கசிவோ இருந்தால் மேலே பேச்சே வேண்டாம். முன்பாயைச் சுருட்டும் ஃபர்லர் இருந்தால் முன்கம்பி அதன் அலுமினியக் குழாய்க்குள் மறைந்திருக்கும். கழற்றாமல் அதைப் பற்றி யாரும் உறுதி சொல்ல முடியாது. கம்பிகளைப் படகோடு பிணைக்கும் செயின்பிளேட்டுகளில் ஒன்றையாவது கழற்றச் சொல்லுங்கள். மேல்தளத்தைத் துளைத்து இறங்கும் அந்த ஓரங்குலத்தில்தான் குழிவிழும்.

இப்போது அந்த ரிப்போர்ட். கடைசிப் பக்கங்களைப் படியுங்கள். "பாய்மரத்தில் ஏறவில்லை, மேல்தளத்தில் நின்று பார்த்தது" என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். கம்பியைத் தொடாமல் பார்த்ததையும் சர்வே என்று ஏற்கும் இந்த நடைமுறை திருந்த வேண்டும். இன்னொன்று: அந்த ரிப்போர்ட் அப்போது பணம் கட்டியவருக்கு எழுதியது. தவறு வந்தால் அதை வைத்து நீங்கள் சர்வேயரைக் கேட்பது கடினம். புரோக்கருக்குக் கமிஷன் பெரும்பாலும் விற்பவரிடமிருந்து வருகிறது. அவர் கைகாட்டும் சர்வேயரையும் தவிர்த்து, நீங்களே ஆள் தேடுங்கள். கம்பிகளைச் சோதிக்க ரிகர், அதாவது பாய்மரக் கம்பி வேலை தெரிந்தவர், தனியாக வேண்டும்.

ஒரு விலக்கு உண்டு, இதில் பலர் வீண்செலவு செய்கிறார்கள். முனைகள் நசுக்கிய ஸ்வேஜாக இல்லாமல், ஸ்டா-லாக் போல மரை போட்டுத் திருகும் வகையாக இருந்தால் முனைகளையும் சேர்த்து வாங்க வேண்டியதில்லை. திருகித் திறந்து, உள்ளே கம்பியைக் கவ்வியிருக்கும் சிறு கூம்பை மட்டும் புதிதாகப் போட்டு, புதுக் கம்பியைச் செருகி, சீலன்ட் நிரப்பி இறுக்கினால் போதும். முனையின் மரை தேயாமல், அதன் உடம்பில் விரிசல் இல்லாமல் இருக்க வேண்டும். பழைய கூம்பை மறுபடி போடக் கூடாது. அது பழைய கம்பிக்கு அழுந்திப்போனது. ஸ்வேஜை எப்படித் திருகினாலும் திறக்காது. இதுதான் இரண்டுக்கும் அடையாளம். இந்த விலக்கு முனைக்குத்தான், கம்பிக்கு இல்லை.

முன்பணம் தருவதற்கு முன், "சர்வேயும் ரிகர் சோதனையும் வாங்குபவருக்குத் திருப்தி தராவிட்டால் முழுத் தொகையும் திரும்பும்" என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது. பணம் புரோக்கரின் சொந்தக் கணக்குக்குப் போகக் கூடாது. வாடிக்கையாளர் பணத்துக்கென்று தனிக் கணக்கு இல்லை என்றால் வேறு படகு பாருங்கள்.