வலிக்காத தாடைக் கட்டிக்கு ஆபரேஷன் எதற்கு?

கேள்வி: எனக்கு 34 வயது. கீழ்த்தாடையில் முளைக்காமல் படுத்திருக்கும் ஞானப்பல்லைச் சுற்றி நீர்க்கட்டி இருப்பதாக ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயில் (தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டுவது) தெரிந்தது. வலி, வீக்கம் இல்லை. ஆபரேஷன் செய்து, எடுத்ததை பயாப்ஸிக்கு (திசுப் பரிசோதனைக்கு) அனுப்ப வேண்டும் என்கிறார் டாக்டர். புற்றுநோயாக இருக்குமோ?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: பயப்படாதீர்கள். தாடை நீர்க்கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. அதற்காக விட்டுவிடவும் கூடாது. சீழ் பிடித்தால்தான் வலி வரும். அதுவரை கட்டி எலும்பைக் கரைத்துக்கொண்டே போகும். தாடை மெலிந்து, சின்ன அடிபட்டாலே முறிந்துவிடலாம்.

முளைக்காத பல்லின் தலையைச் சுற்றி ஒரு பை இருப்பது இயல்புதான். எக்ஸ்ரேயில் பல்லுக்கும் பையின் விளிம்புக்கும் உள்ள இடைவெளி 5 மி.மீ.யைத் தாண்டினால் டென்டிஜிரஸ் நீர்க்கட்டி (முளைக்காத பல்லின் தலையைச் சுற்றி உருவாவது) என்று சந்தேகிப்போம். ஆனால் கெரட்டோசிஸ்ட் என்ற இன்னொரு வகை நீர்க்கட்டியும், அமெலோபிளாஸ்டோமா என்ற, எலும்பை ஊடுருவி வளரும் தாடைக் கட்டியும் எக்ஸ்ரேயில் அச்சு அசலாக இப்படியே தெரியலாம். டென்டிஜிரஸ் கட்டியைப் பல்லோடு சுத்தமாக எடுத்தால் பெரும்பாலும் திரும்ப வராது. கெரட்டோசிஸ்ட்டின் சுவர் மெல்லியது, கிழிந்துவிடும். ஒட்டிக்கொண்ட துணுக்கிலிருந்து மறுபடி வளரும். உலக சுகாதார நிறுவனமே 2005இல் அதைப் புற்றுநோய் அல்லாத கட்டி (ட்யூமர்) வகையில் சேர்த்து, 2017இல் மீண்டும் நீர்க்கட்டி என்றது. அமெலோபிளாஸ்டோமா என்றால் சுற்றியுள்ள எலும்பையும் சேர்த்து எடுக்க நேரலாம். எது என்று அறுதியிட்டுச் சொல்வது பயாப்ஸிதான். எடுத்த திசுவைக் குப்பையில் போடுவதை நான் ஏற்கவே மாட்டேன்.

முதலில் சி.பி.சி.டி. ஸ்கேனில் (தாடையை முப்பரிமாணத்தில் காட்டுவது) உதட்டு உணர்ச்சி நரம்பு எங்கே ஓடுகிறது என்று பார்ப்பார்கள். கட்டி பெரிதாக இருந்தால் தடித்த ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பதும் உண்டு. வைக்கோல் நிற நீர் வந்தால் சாதாரண நீர்க்கட்டியாக இருக்கலாம். பாலாடை போலக் கெட்டியாக வந்தால் கெரட்டோசிஸ்ட் சந்தேகம். சிரிஞ்ச் நிறைய ரத்தம் ஏறினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும், அது ரத்தக்குழாய்க் கோளாறாக இருக்கலாம்.

ஈறைத் திறக்கும்போது, தையல் விழும் இடம் நல்ல எலும்பின்மேல் அமைய வேண்டும். கட்டி எடுத்த பள்ளத்தின்மேல் விழுந்தால் தையல் பிரிந்துவிடும். கியூரெட் என்ற கரண்டி போன்ற கருவியின் குழிந்த பக்கம் எலும்பைப் பார்த்திருக்க, பையைக் கிழிக்காமல் உரித்தெடுப்பார்கள். எடுத்ததை நசுக்காமல் 10 சதவீத ஃபார்மலினில் (திசு கெடாமல் காக்கும் திரவம்), திசுவைப் போலக் குறைந்தது 10 மடங்கு அளவில், போட வேண்டும்.

நரம்பை ஒட்டிய பெரிய கட்டி என்றால், 1892இல் பார்ட்ஷ் என்ற மருத்துவர் விவரித்த முறைப்படி வாய்க்குள் ஒரு திறப்பு மட்டும் வைத்து, சில மாதங்கள் சுருங்கவிட்டு, பிறகு எடுப்பார்கள். அந்தக் குழியை நீங்கள்தான் தினமும் சிரிஞ்சால் கழுவ வேண்டும். விட்டால் சீழ் பிடிக்கும்.

ஆபரேஷனுக்குப் பின் கீழுதடு சில வாரம் மரத்திருக்கலாம். இப்போதே மரத்திருந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: சிறுவயதில் அடிபட்டுக் கறுத்த முன்பல்லின் வேர்நுனியில் சிறு நீர்க்கட்டி. ரூட் கேனால் போதுமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: சிறியது பல சமயம் ரூட் கேனாலிலேயே ஆறிவிடும். 6 மாதம், 1 வருடம் கழித்து எக்ஸ்ரே எடுங்கள். சுருங்காவிட்டால் கட்டியை எடுத்து, வேர்நுனியில் 3 மி.மீ. வெட்டி அடைப்பார்கள். பக்கத்துப் பற்களுக்கு உயிரோட்டம் இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். உயிருள்ள பல்லுக்கு வீணாக ரூட் கேனால் வேண்டாம்.