மகன் சொல்லிவிட்டான், வீட்டார் மூடி மறைக்கச் சொல்கிறார்கள்

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. கொஞ்ச நாளாக வயிறு வலிக்கிறது என்று டியூஷனுக்குப் போக மறுத்தான். டியூஷன் எடுப்பவர் தகாத இடங்களில் தொடுவதாக நேற்று இரவு சொன்னான். அவர் என் கணவருக்குச் சித்தப்பா முறை. "ஆம்பளப் பையன்தானே, போலீஸ், கோர்ட்டுன்னு அலைஞ்சா புள்ளைக்குத்தான் கெட்ட பேரு" என்கிறார் மாமியார். நான் என்ன செய்வது?

பதில்: முதல் வேலை உங்கள் மகனிடம்தான். "நீ சொன்னதை நம்புறேன். உன் மேல எந்தத் தப்பும் இல்ல." இதை இன்னும் சொல்லவில்லை என்றால் இன்றே சொல்லிவிடுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள். அதை உங்களால் காப்பாற்ற முடியாது.

அடுத்தது, விசாரணையை வீட்டிலேயே ஆரம்பித்துவிடாதீர்கள். பெரும்பாலான வீடுகள் சறுக்குவது இங்கேதான். அம்மா கேட்பார், பிறகு அப்பா, பாட்டி, ஊரிலிருந்து வரும் அத்தை. ஒவ்வொருவரும் "நல்லா யோசிச்சுச் சொல்லு" என்பார்கள். தன்னை நம்பவில்லை என்றுதான் குழந்தைக்கு அது கேட்கும். நாலாவது தடவை பயத்தில் மாற்றிச் சொல்வான், அல்லது "சும்மா சொன்னேன்" என்பான். பின்னாளில் எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்வதும் அதைத்தான். அவனாகப் பேசினால் கேளுங்கள். "அப்புறம்?" என்பதற்கு மேல் கேள்வி வேண்டாம். "இங்கே தொட்டாரா?" என்று பதிலை நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள்.

அவன் சொன்னதைத் தேதி, நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். உறுப்புக்கு அவன் சொல்லும் செல்லப் பெயரையே எழுதுங்கள், நாசூக்காகத் திருத்த வேண்டாம். சம்பவம் இரண்டு மூன்று நாளுக்குள் நடந்திருந்தால் அன்று போட்டிருந்த உடையைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள், பிளாஸ்டிக் கூடாது. தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். போலீஸ் கடிதம் கொண்டு வந்தால்தான் அவசர சிகிச்சை என்று எந்த மருத்துவரும் சொல்ல முடியாது. அந்த ஆளை வீட்டுக்கு வரவழைத்து நியாயம் கேட்பதும் வேண்டாம். போனில் இருப்பதை அழிக்க அவகாசம் கொடுத்ததாகிவிடும்.

மாமியாருக்குச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க வந்த 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்துக்கு ஆண் குழந்தை, பெண் குழந்தை என்ற பேதமில்லை. 18 வயது நிறையாத எவரும் குழந்தைதான். சொந்தக்காரர் என்றால் தண்டனை குறையாது. நெருங்கிய உறவினர் செய்வதையும், 12 வயதுக்குட்பட்ட குழந்தையிடம் செய்வதையும் இந்தச் சட்டம் கூடுதல் கடுமையான குற்றமாகப் பார்க்கிறது. இன்னொன்று, விஷயம் தெரிந்த எவரும் தகவல் சொல்லியாக வேண்டும் என்கிறது 19-ஆவது பிரிவு. சொல்லாமல் மறைத்தால் 21-ஆவது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும். ஆகவே குடும்பத்துக்குள் பேசி முடிப்பது என்ற வழியே இல்லை.

குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ எந்த நேரமும் அழைக்கலாம், எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். நீங்கள் பயப்படுவது போல அவன் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வேண்டியதில்லை. வாக்குமூலம் வீட்டிலோ அவன் விரும்பும் இடத்திலோ, நீங்கள் பக்கத்தில் இருக்க, சீருடை இல்லாத அதிகாரியால் எழுதப்பட வேண்டும். கூடுமானவரை அவர் எஸ்.ஐ. அந்தஸ்துக்குக் குறையாத பெண் அதிகாரியாக இருப்பார். காவல்துறை 24 மணி நேரத்தில் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். வழக்கு முடியும்வரை கூடவே வர ஒரு ஆதரவு நபரைக் கேளுங்கள், அந்தக் குழு நியமிக்கும். நீதிமன்றத்தில் விசாரணை மூடிய அறையில் நடக்கும். வக்கீல்கள் நீதிபதி வழியாகத்தான் கேள்வி கேட்க முடியும். சாட்சி சொல்லும்போது அந்த ஆள் அவன் கண்ணில் படக் கூடாது. ஒரு வருடத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இழுக்கும், அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

செய்திகளில் அவன் பெயரோ படமோ பள்ளியோ வரக் கூடாது. நான் பார்த்தவரை அந்த ரகசியம் முதலில் உடைவது சொந்தபந்தத்தின் வாட்ஸ்அப் குழுவில்தான். அங்கே வாய் திறக்க வேண்டாம் என்று கணவரை விட்டுக் கண்டிப்பாகச் சொல்லச் சொல்லுங்கள்.

டியூஷன் மட்டும்தான் நிற்க வேண்டும். பள்ளி, விளையாட்டு, நண்பர்கள் வழக்கம் போல் தொடரட்டும். தூக்கத்தில் அலறினாலோ படுக்கையை நனைத்தாலோ திட்டாமல் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள்.

அங்கே வேறு பிள்ளைகளும் படிக்கிறார்களா? அதையும் புகாரிலேயே எழுதிக் கொடுங்கள். அந்தப் பெற்றோர்களிடம் நீங்கள் போய் விசாரிக்க வேண்டாம், அது காவல்துறையின் வேலை.