பதினொரு குட்டி, பத்துக் காம்பு

கேள்வி: எங்கள் லேப்ரடார் முதல் ஈற்றிலேயே 11 குட்டிகள் போட்டிருக்கிறது. இன்றோடு ஐந்து நாள். இரண்டு குட்டிகளை மற்றவை தள்ளிவிடுகின்றன. பாக்கெட் பாலில் தண்ணீர் கலந்து பாட்டிலில் கொடுத்தோம், வயிற்றுப்போக்கு ஆகிவிட்டது. என்ன செய்வது? (வாசகர், கோவை)

பதில்: பாக்கெட் பாலை நிறுத்திவிடுங்கள். பசும்பாலைவிட நாய்ப்பாலில் புரதமும் கொழுப்பும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதிலும் தண்ணீர் விட்டால் வயிறு உப்பும், உடம்பு ஏறாது. நாய்க்குட்டிகளுக்கென்றே விற்கும் பால் பவுடரை டப்பாவில் போட்டிருக்கும் அளவில் கரைத்துக் கொடுங்கள். வயிற்றுப்போக்கு கண்ட குட்டிகளை இன்றே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். இந்த வயதில் ஒரே நாளில் துவண்டுவிடும்.

பாலைவிட முக்கியம் சூடு. முதல் வாரத்தில் குட்டிக்கு நடுங்கக்கூடத் தெரியாது. அந்தச் சவலைக் குட்டியின் வாய்க்குள் சுண்டுவிரலை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் ஒரு சொட்டுப் பாலும் புகட்டாதீர்கள். குளிர்ந்த குடல் வேலை செய்யாது, பால் அப்படியே தங்கிவிடும். சட்டைக்குள் நெஞ்சோடு அணைத்து, மெல்லச் சூடேற்றிய பிறகே பால். பெட்டிக்குள் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். மார்கழியில் மொசைக் தரைமேல் வெறும் நியூஸ்பேப்பர் போதாது. ஒரு மூலையில் மட்டும் பல்பு தொங்கவிடுங்கள், சூடு அதிகமானால் குட்டிகள் நகர்ந்துகொள்ளட்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏறி முனகினால் குளிர்கிறது. ஆளுக்கொரு பக்கம் சிதறிக் கிடந்தால் வெக்கை.

அப்புறம் முறை வைப்பது. ஐந்து, ஆறு எனப் பிரித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு குழுவைத் தாயிடம் விடுங்கள். பால் அதிகம் சுரக்கும் பின் காம்புகளைச் சவலைகளுக்கு ஒதுக்குங்கள். அடையாளத்துக்குக் கழுத்தில் கலர் கலராக உல்லன் நூல் கட்டலாம், ஆனால் தினமும் தளர்த்திக் கட்ட வேண்டும்; அவ்வளவு வேகமாக வளரும்.

சமையலறைத் தராசு ஒன்று போதும், தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். பத்து நாளுக்குள் பிறந்த எடை இரட்டிப்பாக வேண்டும். ஒரு நாள் எடை ஏறாத குட்டிக்கு மேல்பால் கொடுங்கள். இறங்கினால் டாக்டர்தான்.

பாட்டில் கொடுக்கும்போது கைக்குழந்தையைப் போல மல்லாத்தாதீர்கள்! பால் நுரையீரலுக்குப் போய்விடும். குப்புறப் படுத்தபடி, தலை சற்று நிமிர்ந்திருக்கக் குடிக்கட்டும். குடித்ததும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அடிவயிற்றையும் ஆசனவாயையும் தடவிவிட்டால்தான் சிறுநீரும் மலமும் போகும். தாய் நக்கிவிட்டால் உங்களுக்கு அந்த வேலை மிச்சம்.

தாயை மறந்துவிடாதீர்கள். மூன்றாவது வாரத்தில் வழக்கத்தைப் போல மூன்று மடங்கு சாப்பிடும், கேட்கும்போதெல்லாம் வையுங்கள். காம்பு சூடாகவும் கல்போலவும் இருக்கிறதா என்று தினமும் தொட்டுப் பாருங்கள். குட்டிகளின் நகத்தை வாரம் ஒருமுறை நறுக்கிவிடுங்கள், கீறல் குறையும். இத்தனை குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு ரத்தத்தில் கால்சியம் இறங்கிவிடலாம். நிலைகொள்ளாமல் அலைவது, மூச்சிரைப்பு, கால் விறைத்த நடை, நடுக்கம் ஆகியவற்றில் எதைப் பார்த்தாலும் குட்டிகளை உடனே பிரித்துவிட்டு, நடுராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். விடியட்டும் என்று இருந்தால் வலிப்பு வந்துவிடும்.