நாட்டு வங்கிகள் முடங்கினால் வேலூரில் அன்றாடப் பாடு எப்படி ஓடும்?

கிரீஸ், லெபனான் போல வங்கிகள் மொத்தமாகப் படுத்துவிட்டால் நம்மூரில் என்ன ஆகும், இப்போதே என்ன செய்து வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பணம் போய்விடுவது வேறு, பூட்டிக்கிடப்பது வேறு. முதல் சில வாரங்களில் வயிற்றில் அடிப்பது பூட்டுதான். கிரீஸில் 2015 ஜூன் 29 முதல் மூன்று வாரம் வங்கிகள் திறக்கவில்லை. ஏடிஎம்மில் நாளைக்கு 60 யூரோ என்று வரம்பு. 20 யூரோ நோட்டு தீர்ந்த மெஷினில் 50-தான் வரும், மீதிப் பத்து பேச்சோடு சரி. உள்நாட்டில் கார்டு தேய்க்கத் தடையில்லை. ஆனாலும் பல கடைக்காரர்கள் ரொக்கமே கேட்டார்கள், கார்டில் தேய்த்த காசும் அதே பூட்டிய வங்கிக்குத்தானே போய் விழும்!

லெபனானில் 2019 முதல் நடந்தது இதைவிட மோசம். கணக்கில் டாலர் என்று எழுதியிருக்கும். எடுக்கப் போனால் சந்தை விலையைவிடக் குறைந்த விகிதத்தில் உள்ளூர் பவுண்டு கொடுப்பார்கள். ஜனங்கள் அந்தக் கணக்குப் பணத்துக்கு 'லொலார்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். 2022 செப்டம்பரில் ஒரு பெண், சகோதரியின் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக, பொம்மைத் துப்பாக்கியோடு வங்கிக்குள் போய் தன் குடும்பச் சேமிப்பில் சுமார் 13,000 டாலரை வாங்கிக்கொண்டு வந்தார். பலர் அவரைக் கொண்டாடினார்கள்.

நம் நாட்டில் ஒவ்வொரு வங்கியாகப் பூட்டு விழுந்திருக்கிறது. 2020 மார்ச் 5 அன்று யெஸ் வங்கியில் பணம் எடுக்க 50,000 ரூபாய் வரம்பு. 13 நாளில் நீங்கியது. அதே வருடம் நவம்பர் 17-ல் லட்சுமி விலாஸ் வங்கியில் 25,000. பத்து நாளில் டிபிஎஸ் வங்கியோடு இணைந்தது. மும்பையின் பிஎம்சி கூட்டுறவு வங்கி மட்டும் 2019 செப்டம்பரில் 1,000 ரூபாய் வரம்பில் தொடங்கி இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்தது. யெஸ் வங்கி பூட்டியதும் போன்பே நின்றுபோனது நினைவிருக்கலாம். உங்கள் பணம் வேறு வங்கியில் பத்திரமாக இருந்தாலும், அந்த ஆப் யெஸ் வங்கி வழியாக ஓடியதால் வேலை செய்யவில்லை. ஆகவே இரண்டு வங்கியில் கணக்கு, இரண்டு ஆப், இரண்டிலும் கைவசம் டெபிட் கார்டு.

வீட்டில் மூன்று வாரச் செலவுக்கு ரொக்கம் வையுங்கள், 100, 50, 20 ஆக. 2016-ல் புது 2000 நோட்டோடு சில்லறைக்கு அலைந்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டாம். ரேஷன் அரிசிக்கு வங்கி தேவையில்லை, அது பெரிய ஆறுதல். மளிகைக்கடை அண்ணாச்சி பழகிய முகத்துக்குக் கடன் எழுதுவார். சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வந்து காந்தி ரோடு லாட்ஜில் தங்கியிருக்கும் கொல்கத்தாக்காரருக்கு யார் எழுதுவார்? அவர் போன்றவர்கள் ஆஸ்பத்திரியில் செலவு மதிப்பீட்டுக் கடிதம் வாங்கி வங்கியில் கொடுக்க வேண்டும். யெஸ் வங்கி விஷயத்தில் மருத்துவம், படிப்பு, கல்யாணத்துக்கு 5 லட்சம் வரை விலக்கு இருந்தது.

சம்பளத்தில் ஒரு சிக்கல். ஆம்பூர் ஷூ கம்பெனியின் நடப்புக் கணக்கு பூட்டிய வங்கியில் இருந்தால், உங்கள் கணக்கு எங்கே இருந்தும் பயனில்லை. வேறு வங்கியில் வாங்கிய கடனின் தவணை பூட்டிய கணக்கிலிருந்து போகிறதென்றால் உடனே மாற்றுங்கள். பவுன்ஸ் ஆனால் அபராதம் உங்களுக்குத்தான்.

இனி காப்பீடு, அதாவது வங்கி பூட்டிக்கொண்டால் நீங்கள் போட்டு வைத்த பணத்துக்கு ரிசர்வ் வங்கியின் டிஐசிஜிசி நிறுவனம் தருவது. ஒருவருக்கு ஒரு வங்கியில், எல்லாக் கிளையும் சேர்த்து, அசலும் வட்டியுமாக 5 லட்சம். காட்பாடி கிளையில் 4, குடியாத்தம் கிளையில் 4 போட்டாலும் 5-தான். உங்கள் தனிக் கணக்கும் நீங்கள் ஒரே முதலாளியாக நடத்தும் கடையின் கணக்கும் ஒன்றாகவே கூட்டப்படும். கணவன் மனைவி கூட்டுக் கணக்கு தனி. அதே வங்கியில் கடன் இருந்தால் கழித்துக்கொள்வார்கள். மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக்குக் காப்பீடு உண்டு. கிராமத்துத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கிடையாது. இந்த வித்தியாசம் தெரியாமல் போடுகிறவர்கள்தான் அதிகம்.

1993 முதல் 1 லட்சமாகவே கிடந்த இந்தக் காப்பீட்டு வரம்பு 2020 பிப்ரவரியில் உயர்ந்தது, பிஎம்சி வாடிக்கையாளர்கள் தெருவில் நின்று கத்திய பிறகு. 2021 சட்டத் திருத்தத்தில் காப்பீட்டுப் பணம் தர 90 நாள் கெடு வந்தது: முதல் 45 நாளில் வங்கி தன் வாடிக்கையாளர் பட்டியலைத் தர வேண்டும், அடுத்த 45-ல் சரிபார்த்துப் பணம். இணைப்புத் திட்டம் இருந்தால் இன்னும் 90 நாள் தள்ளலாம். சம்மதக் கடிதமும் மாற்று வங்கிக் கணக்கு எண்ணும் நீங்கள் கொடுத்தால்தான் நகரும். பாஸ்புக்கில் ஒரு இனிஷியல், ஆதாரில் வேறு இனிஷியல் என்றால் அங்கேயே நிற்கும். கவுண்டர் ஊழியரைத் திட்டிப் பயனில்லை, பணம் எடுக்கும் வரம்பு மென்பொருளிலேயே போடப்பட்டிருக்கும்.

மாதம் 8, 10 சதவீதம் வட்டி என்று வசூலிக்கும் ஃபைனான்ஸ், தீபாவளிச் சீட்டு எதற்கும் இந்த 5 லட்சம் பொருந்தாது. அதற்கு வழி பொருளாதாரக் குற்றப் பிரிவுப் போலீசும் 1997-ம் வருடத்து முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும். ரசீது, பத்திரம், பணம் அனுப்பிய வங்கி விவரம் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்துப் புகாரோடு இணையுங்கள். 'அசல் ரசீதைக் கொடுங்கள், செட்டில் பண்ணித் தருகிறேன்' என்று வீட்டுக்கு வரும் ஏஜெண்டிடம் அதைக் கொடுத்துவிடாதீர்கள், அவர் சொந்தக்காரராகவே இருந்தாலும்.