ஐயத்துக்கு இடமில்லாததைச் சொல்ல என்னென்ன சொற்கள் உண்டு?

எதை எழுதினாலும் ‘தெளிவாக’ என்ற ஒரே சொல்லில் வந்து நிற்கிறது, ஒரே பொருள் தருவதை, சந்தேகத்துக்கு இடம் தராததைச் சொல்ல வேறு என்ன சொற்கள் உண்டு, எது எங்கே பொருந்தும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொன்றைப் போட முடியாது. ஒவ்வொரு சொல்லும் எதை ‘இல்லை’ என்கிறது என்று பாருங்கள். கலங்கல் இல்லையா, சந்தேகம் இல்லையா, தயக்கம் இல்லையா, ஒளிவுமறைவு இல்லையா? அது பிடிபட்டால் பொருத்தமான சொல் தானே வந்துவிடும்.

‘தெளிவு’ கலங்கல் இல்லாததைச் சொல்வது. நீர், வானம், குரல், சிந்தனை, விளக்கம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். அதனால்தான் கை தானாக அதை எழுதுகிறது. ‘தெள்ளத்தெளிவாக’ அதையே அழுத்திச் சொல்வது. ஒரு கட்டுரையில் ஒருமுறை வந்தால் போதும், அடிக்கடி வந்தால் அழுத்தம் போய்விடும்.

‘துல்லியம்’ அளவு சார்ந்தது. கணக்கு, எடை, நேரம், படம், குறி ஆகியவற்றோடு சேரும். ‘துல்லியமாக மறுத்தார்’ என்று யாரும் சொல்வதில்லை, அங்கே ‘திட்டவட்டமாக மறுத்தார்’தான். முடிவு, மறுப்பு, அறிவிப்பு போன்றவற்றில் இனி மாற்றமில்லை, தயக்கமில்லை என்று காட்டுவது ‘திட்டவட்டம்’. படம் திட்டவட்டமாக இருக்காது, துல்லியமாக இருக்கும். ‘கறாராக’ என்பதும் இதே குடும்பம்தான். ஆனால் அதில் கண்டிப்பு கலந்திருக்கிறது. வாடகை, வட்டி, விலை என்று பணம் பேசும் இடத்தில் அது இயல்பாக உட்காரும்.

‘ஆணித்தரமாக’ என்பதைத் தெளிவுக்குப் பதிலாகப் பலர் எழுதுகிறார்கள். அது சொல்பவரின் உறுதியைக் காட்டுகிறது, சொன்னது புரிந்ததா என்பதைக் காட்டுவதில்லை. ஆணித்தரமாகப் பேசிய ஒருவர் குழப்பமாகவும் பேசியிருக்கலாம். ‘விலாவாரியாக’ என்பதிலும் இதே சிக்கல்: விவரம் நிறைய இருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது ‘ஐயந்திரிபற’. இதில் இரண்டு குறைகள் சேர்ந்து மறுக்கப்படுகின்றன. இருட்டில் தூரத்தில் நிற்பது மரக்கட்டையா மனிதனா என்று முடிவு செய்ய முடியாமல் தவிப்பது ஐயம். பழைய உரைகள் ‘குற்றியோ மகனோ’ என்று இதற்கு எடுத்துக்காட்டுத் தருகின்றன. மரக்கட்டையைப் பார்த்து மனிதனேதான் என்று முடிவு கட்டிவிடுவது திரிபு. முதலாமவனுக்குத் தனக்குத் தெரியவில்லை என்பதாவது தெரியும். இரண்டாமவன் தவறிலேயே உறுதியாக நிற்கிறான். இரண்டும் நீங்கிய அறிவைத்தான் இந்தச் சொல் குறிக்கிறது. ஆகவே கற்றல், நிறுவுதல், விளக்குதல் போன்ற வினைகளோடு மட்டும் சேருங்கள். கடைக்கு வழி சொல்வதற்கு இது மிகையான சொல்.

‘சந்தேகத்துக்கு இடமின்றி’ நீதிமன்றத்தோடு ஒட்டியது. குற்றவியல் வழக்கில் குற்றச்சாட்டு, நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட வேண்டும். இல்லையென்றால் சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போகும். சொத்துத் தகராறு போன்ற உரிமையியல் வழக்கில் அந்த அளவுக்கு நிரூபிக்கத் தேவையில்லை, எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்ப்பார்கள். வழக்குச் செய்தி எழுதுகிறவர்கள் இந்தத் தொடரை உரிமையியல் தீர்ப்புகளில் சும்மா தூவிவிடக் கூடாது.

‘வெளிப்படை’ ஒளிவுமறைவு இல்லாததைக் குறிக்கும். நன்னூலும் குறிப்பாகப் பொருள் தரும் சொற்களைத் தனியே எண்ணிவிட்டு, மற்றவற்றை வெளிப்படை என்கிறது. மறைக்கப்பட்டிருந்த கெட்டது தெரியவந்தால் ‘அப்பட்டம்’, ‘பட்டவர்த்தனம்’. ‘அப்பட்டமான பொய்’ சரி. ஒருவரைப் பாராட்ட நினைத்து ‘அப்பட்டமான நேர்மை’ என்று எழுதினால் நெருடும். விளக்கமே தேவைப்படாத முடிவுக்கு ‘வெள்ளிடைமலை’, ‘உள்ளங்கை நெல்லிக்கனி’ இரண்டும் உண்டு. மேடையில் எடுபடும், அலுவலகக் கடிதத்தில் எடுபடாது.

ஒப்பந்தம், அறிவிப்பு, தேர்வு வினாத்தாள் போன்றவற்றில் உங்களுக்கு வேண்டியது ‘பொருள் மயக்கமற்ற’ அல்லது ‘ஒரே பொருள் தரும்’. அலங்காரமில்லாத தொடர்கள், ஆனால் நீங்கள் கேட்டதற்கு மிக நெருக்கமானவை இவைதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘தெளிவாகத் தெரிவிக்கப்படுகிறது’ என்று தொடங்கும் சுற்றறிக்கையின் அடுத்த வரியே இரண்டு பொருள் தருவதைப் பார்க்கலாம். மயக்கம் பெரும்பாலும் வாக்கிய அமைப்பில்தான் ஒளிந்திருக்கிறது.

‘போலீசார் தாக்கிய இளைஞர்கள்’ என்ற தலைப்பில் அடித்தது யார், அடிபட்டது யார்? தொல்காப்பியம் இதைத் தடுமாறு தொழிற்பெயர் என்று சுட்டுகிறது. ‘புலி கொல் யானை’ என்பது உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம். தீர்வும் அங்கேயே இருக்கிறது. இரண்டாம் வேற்றுமையையோ மூன்றாம் வேற்றுமையையோ விரித்து எழுதிவிடுங்கள்: ‘போலீசாரைத் தாக்கிய’ அல்லது ‘போலீசாரால் தாக்கப்பட்ட’. செயப்பாட்டு வினையை எங்கும் தவிர்க்கச் சொல்பவர்கள் உண்டு. இந்த இடத்தில் அதை விட்டால் வழியில்லை.

‘எல்லோரும் வரவில்லை’ இன்னும் ஆபத்தானது. ஒருவர்கூட வரவில்லை என்றும் படிக்கலாம், சிலர் மட்டும் வரவில்லை என்றும் படிக்கலாம். பேச்சில் குரல் ஏற்ற இறக்கம் காப்பாற்றிவிடும், எழுத்தில் அது கிடையாது. ‘ஒருவரும் வரவில்லை’, ‘சிலர் வரவில்லை’ என்று பிரித்து எழுதுங்கள். ‘பழைய புத்தகக் கடை’யில் பழையது புத்தகமா கடையா என்பதும் இப்படித்தான். கடை பழையது என்றால் ‘பழைய’வைக் கடைக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள்: ‘புத்தகம் விற்கும் பழைய கடை’. ஒற்றெழுத்தையும் அலட்சியப்படுத்தாதீர்கள். ‘வேலை கொடு’ என்றால் பணி, ‘வேலைக் கொடு’ என்றால் முருகன் கையில் இருக்கும் வேல்.

தேதிகளில்தான் சண்டையே வருகிறது. ‘15ஆம் தேதி வரை’ என்றால் 15 சேர்த்தியா இல்லையா என்று கேள்வி எழும். ‘15ஆம் தேதி உட்பட’ என்று ஒரு சொல் கூட்டுங்கள். ‘அடுத்த வெள்ளி’ சிலருக்கு வரும் வெள்ளி, சிலருக்கு அதற்கடுத்த வெள்ளி, எனவே கிழமையோடு தேதியையும் எழுதுங்கள். ‘14ஆம் தேதி இரவு 12 மணி’ என்பது 14 தொடங்கும் நேரமா முடியும் நேரமா என்று ஊருக்கே குழப்பம் உண்டு. கடைசி நேரம் குறிக்கும்போது ‘14ஆம் தேதி இரவு 11.59 மணிக்குள்’ என்று எழுதுங்கள்.