இறப்பு விகிதம் கூடினால் மருத்துவமனையின் சிகிச்சைத் தரம் குறைந்ததாகுமா?

ஆகாது. நீங்கள் மதிப்பிடும் கென்ய மாவட்ட மருத்துவமனையில் ஆக்சிஜன் வசதி வந்த பிறகு குழந்தை இறப்பு விகிதம் ஏறியதை மட்டும் வைத்துத் தரம் இறங்கிவிட்டது என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். வசதி வந்தது தெரிந்ததும் சுற்றியுள்ள சுகாதார நிலையங்கள் மோசமான நிலையில் உள்ள பிள்ளைகளை அங்கே அனுப்பத் தொடங்கியிருக்கலாம், அதுவே காரணமாக இருக்கலாம்.

தரத்தை அறிய, நிமோனியா வந்த பிள்ளைகளின் கோப்புகளை மட்டும் எடுத்துப் பாருங்கள்: ரத்த ஆக்சிஜன் அளவு பதிவாகியிருக்கிறதா, 90 சதவீதத்துக்குக் கீழே இருந்தவர்களுக்கு ஆக்சிஜன் கொடுத்தார்களா, அப்புறம் எடை இருக்கிறதா, ஜென்டாமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து எடையில் கிலோவுக்கு 7.5 மில்லிகிராம் வீதம் நாளுக்கு ஒரு முறை போயிருக்கிறதா. எடையில்லாத கோப்பில் மருந்தளவைச் சரிபார்க்கவே முடியாது, அவற்றைத் தனியாக எண்ணுங்கள்.

கோப்பில் எழுதாததெல்லாம் செய்யாதது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கூட்டமான இரவுப் பணியில் செவிலியர் பிள்ளையைத்தான் முதலில் பார்ப்பார், வார்டில் நேரிலும் இருந்து ஒப்பிடுங்கள்.