மீட்டர் 98 காட்டுகிறது, மூச்சு மட்டும் போதவில்லை

நெஞ்சக நோய் மருத்துவர் பதில்கள்

கேள்வி: எனக்கு வயது 37. பள்ளியில் ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு மழைக்காலத்தில் சளி பிடித்தது. சளி போன பிறகும் மூச்சு வாங்குவது நிற்கவில்லை. டாக்டரிடம் காட்டினேன். முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு, “வீசிங் மாதிரி இருக்கிறது, ஆஸ்துமாதான்” என்று இரண்டு இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். அன்று முதல் காலையும் இரவும் தவறாமல் இழுக்கிறேன். முடியாதபோது நீல நிற இன்ஹேலரையும் இரண்டு தரம் அடிப்பேன். கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், மூச்சு மட்டும் அப்படியேதான் இருக்கும். என் வகுப்பு இரண்டாவது மாடியில். படியேறி உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொல்கிறார்கள். உடனே பதில் சொல்ல முடியாமல், கரும்பலகைப் பக்கம் திரும்பி, தேதியை மெதுவாக எழுதிக்கொண்டு நிற்கிறேன். இருமல் கிடையாது. இரவில் நன்றாகத் தூங்குகிறேன். எக்ஸ்ரே, இ.சி.ஜி. இரண்டும் நார்மல். விரலில் மாட்டும் மீட்டர் எப்போது பார்த்தாலும் 98, 99. அதைப் பார்த்துவிட்டு, “உனக்கு ஒன்றுமில்லை, எல்லாம் மனசுதான்” என்கிறார் கணவர். மாமியார் தயிரை நிறுத்தச் சொன்னார். நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. அம்மா, எனக்கு உண்மையிலேயே ஆஸ்துமாவா? இன்ஹேலரை விட்டுவிடலாமா? இதற்குச் சம்பந்தமில்லை என்றாலும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மாதவிலக்கு எட்டு, ஒன்பது நாள் போகிறது. அரிசி களையும்போது ஒரு கை பச்சரிசியை வாயில் போடாமல் இருக்க முடியவில்லை.

(பெயர் வேண்டாம், மயிலாடுதுறை மாவட்டம்)

பதில்: அன்புச் சகோதரி, கடைசி இரண்டு வரிக்கு வந்ததும் உங்கள் கடிதத்தைத் திரும்ப முதலிலிருந்து படித்தேன். சம்பந்தமில்லை என்று நீங்கள் ஓரத்தில் ஒதுக்கி வைத்த அந்தப் பச்சரிசியைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

பச்சரிசி, சாக்பீஸ், சிலேட்டுக் குச்சி, சாம்பல், ஐஸ் கட்டி இவற்றின் மேல் பெரியவர்களுக்கு அடக்க முடியாத ஆசை வந்தால், இரும்புச்சத்து குறைந்திருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வழக்கம். வெட்கப்பட இதில் எதுவும் இல்லை. இரும்பு ஏறியதும் பலருக்கு அந்த ஆசை தானாகவே போய்விடுகிறது. எட்டு, ஒன்பது நாள் உதிரப்போக்கு மாதாமாதம், வருடக்கணக்காக நடந்தால் உடம்பில் இரும்பு எங்கே தங்கும்? 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அப்படியிருந்தும், மூச்சு வாங்குகிறது என்று ஒரு பெண் வந்து நின்றால் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்ப்பதற்கு முன்பே எங்கள் கை இன்ஹேலரின் பெயரை எழுதத் தொடங்கிவிடுகிறது. எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு.

இரத்தசோகை என்றால் மீட்டர் எப்படி 98 காட்டும் என்று கேட்பீர்கள். நீங்கள் கணக்கு ஆசிரியை. ‘எதில் 98 சதவீதம்?’ என்ற கேள்வியைத் தினமும் பிள்ளைகளிடம் கேட்பவர். அதையே இங்கும் கேளுங்கள். இரத்தத்தில் பிராணவாயுவை ஏற்றிச் செல்வது ஹீமோகுளோபின். அதை டவுன் பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடுகிற பஸ்களில் எத்தனை இருக்கைகள் நிரம்பியிருக்கின்றன என்பதை மட்டும்தான் அந்த மீட்டர் சொல்லும். 14 பஸ் ஓட வேண்டிய ஊரில் 7தான் ஓடுகிறது என்பது அதற்குத் தெரியாது. ஏழு பஸ்ஸும் நிரம்பி ஓடினால் அது 98 என்றே காட்டும். நிறுத்தத்திலோ பாதி ஜனம் நின்றுகொண்டிருக்கும். உட்கார்ந்திருக்கும்போது இருக்கிற பஸ்ஸே போதும். இரண்டு மாடி ஏறும்போது போதாது. இதயம் வேகமாக அடித்து அதே பஸ்களை விரட்டி விரட்டி ஓட்டுகிறது. நீங்கள் கரும்பலகைப் பக்கம் திரும்பித் தேதி எழுதும் அந்த அரை நிமிடம், பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன். உங்கள் கணவரிடம் இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

இது என் ஊகம்தான். கடிதத்தைப் படித்து நோயை முடிவு செய்யக்கூடாது. இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினையும் ஃபெரிட்டினையும் பாருங்கள். உங்கள் வயதில், கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் இரத்தசோகை. சில பேருக்கு ஹீமோகுளோபின் சுமாராக இருந்தும் சேமிப்பு இரும்பு காலியாகியிருக்கும். அதைக் காட்டுவது ஃபெரிட்டின். குறைவு என்று தெரிந்தால், மாத்திரையோடு நின்றுவிடாமல் மகளிர் மருத்துவரிடமும் போங்கள். கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறதா, தைராய்டு எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் இரும்பு மட்டும் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. மாத்திரை விழுங்கியதும் காபி, டீ குடிக்காதீர்கள். இரும்பு உடம்பில் சேர விடாது. தயிரைத் தாராளமாக மறுபடி ஆரம்பியுங்கள், மாத்திரை சாப்பிடும் நேரத்தில் மட்டும் வேண்டாம்.

இனி ஆஸ்துமாவுக்கு வருவோம். ஆஸ்துமாவின் குணமே ஏறி இறங்குவது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. தூசியில், பனியில், சிரித்தால், அழுதால் இழுக்கும். விடியற்காலை இருமி எழுப்பும். நீல இன்ஹேலர் அடித்தால் கால் மணி நேரத்துக்குள் நெஞ்சு லேசாகும். உங்களுக்கு இருமல் இல்லை, இரவில் நல்ல தூக்கம், மருந்து அடித்தால் கை நடுங்குகிறதே தவிர மூச்சு மாறவில்லை. மூன்று வருடமாக ஒரே அளவில், ஏறினால் வாங்குகிறது, உட்கார்ந்தால் அடங்குகிறது. ஆஸ்துமா இல்லை என்பதற்கு இவை மட்டும் போதாது. ஆனாலும் சந்தேகப்பட இவ்வளவு போதும்.

ஊதிப் பார்க்கும் பரிசோதனை, அதாவது ஸ்பைரோமெட்ரி, உங்கள் கடிதத்தில் எங்குமே வரவில்லை. மூக்கில் ஒரு கிளிப் மாட்டுவார்கள். முட்ட மூச்சை இழுத்து, குழாயில் வாயை இறுகப் பொருத்தி, ஒரே மூச்சில் பலம் கொண்ட மட்டும் ஊத வேண்டும். நுரையீரல் காலியாகும் வரை, ஆறு விநாடியாவது விடாமல். பக்கத்தில் நிற்கும் டெக்னீஷியன் “ஊது, ஊது, ஊது, இன்னும், இன்னும்” என்று கத்துவார். பயந்துவிடாதீர்கள், அப்படிக் கத்தினால்தான் சரியாக வரும். பிறகு, குழாயை விரிக்கும் சால்பூட்டமால் மருந்தை இன்ஹேலரில் நான்கு பஃப் கொடுத்து, கால் மணி நேரம் உட்கார வைத்து, மறுபடி ஊதச் சொல்வார்கள். முதல் விநாடியில் வெளியேறும் காற்று முன்பைவிட 200 மில்லியும் 12 சதவீதமும் கூடினால், சுருங்கியிருந்த குழாய்கள் மருந்துக்கு விரிகின்றன என்று பொருள். அது ஆஸ்துமாவின் பக்கம் சாய்கிற சான்று.

நார்மல் என்று வந்துவிட்டால் உடனே கொண்டாடவும் முடியாது. ஆஸ்துமாக்காரர் நன்றாக இருக்கும் நாளில் ஊதினால் நார்மலாகத்தான் வரும். அதனால் பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சிறு குழாயில் காலையும் மாலையும் இரண்டு வாரம் ஊதிக் குறித்து வரச் சொல்வோம். நீங்களோ வரைபடம் போடச் சொல்லிக் கொடுப்பவர். அந்தக் கோடு மேலும் கீழும் ஆடுகிறதா, நேராகப் போகிறதா என்று உங்கள் கண்ணுக்கே தெரியும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நெஞ்சக நோய்ப் பிரிவு இருக்கிறது. உங்களுக்குத் தஞ்சாவூர், திருவாரூர் இரண்டுமே எட்டும் தூரம்தான்.

இன்ஹேலரை நீங்களாக நிறுத்தாதீர்கள். இதை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கனடாவில் பத்து நகரங்களில், ஆஸ்துமா என்று மருத்துவர் சொல்லியிருந்த 613 பெரியவர்களைத் திரும்பப் பரிசோதித்து, 2017இல் முடிவை வெளியிட்டார்கள். 203 பேருக்கு, அதாவது மூன்றில் ஒருவருக்கு, அப்போது ஆஸ்துமா இல்லை என்று தெரிந்தது. 12 பேருக்கு இருந்தது வேறு தீவிரமான இதய, நுரையீரல் நோய். முதலில் ஊதிப் பார்க்காமலே ஆஸ்துமா என்று சொல்லப்பட்டவர்கள் அந்த 203 பேரில் அதிகம். அங்கேயும் மருந்தை ஒரே நாளில் பிடுங்கவில்லை. படிப்படியாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் ஊத வைத்துப் பார்த்துத்தான் நிறுத்தினார்கள். மீதி மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு ஆஸ்துமா இருந்தது, அவர்கள் நிறுத்தியிருந்தால் உயிருக்கே ஆபத்தாக முடிந்திருக்கலாம்.

“எல்லாம் மனசுதான்” என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதற்றத்தில் மூச்சு தாறுமாறாவது உண்மை. அதற்கும் அடையாளங்கள் உண்டு: அடிக்கடி பெருமூச்சு, உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மரமரப்பு, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே காற்றுப் பசி. அவற்றைக் கேட்டறிந்து சொல்ல வேண்டிய நோய் அது. வேறு எதுவும் புரியாதபோது எடுத்து ஒட்டுகிற சீட்டு அல்ல.

உங்கள் டாக்டர் மேல் கோபப்படாதீர்கள். நானும் அந்த இடத்தில் நின்றிருக்கிறேன். பயிற்சி முடித்த புதிது, இரவுப் பணி. ஆறு மாதக் கர்ப்பிணி, இருபத்து நான்கு வயது, கட்டிலில் படுக்க முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதுகில் இரைச்சல் கேட்டது. ஆஸ்துமா என்று எழுதி, இரண்டு இரவு ஊசி போட்டேன். மூன்றாம் நாள் காலை என் பேராசிரியர் வந்தார். அவளை இடப்பக்கமாகச் சாய்த்து, இடது மார்புக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு குழாயை என் காதில் மாட்டினார். தூரத்தில் மாட்டு வண்டி உருளுகிற மாதிரி ஓர் ஓசை. சிறு வயதில் முட்டி வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று அவளைக் கேட்டார், வந்தது என்றாள். வாதக் காய்ச்சலால் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கிப்போயிருந்தது. நான் முதுகோடு நிறுத்திக்கொண்டதால் இரண்டு இரவு அவள் உட்கார்ந்தே கழித்தாள். பிழைத்துக்கொண்டாள், குழந்தையும் பிழைத்தது. அன்றிலிருந்து மூச்சு வாங்குகிறது என்று வரும் எந்தப் பெண்ணையும் இடப்பக்கம் சாய்த்துக் கேட்காமல் நான் அனுப்பியதில்லை. நீங்களும் டாக்டரிடம் போகும்போது இரண்டே விஷயம் கேளுங்கள்: “ஒரு தடவை ஊதிப் பார்த்துவிடலாமா? இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் தேவைப்படுமா?” மரியாதையாகக் கேட்டால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். மாதவிலக்கையும் பச்சரிசியையும் முதலிலேயே சொல்லுங்கள்.

கேள்வி: நூற்பாலையில் 19 வருடமாகப் பஞ்சைச் சீவும் கார்டிங் பகுதியில் வேலை. வாரலீவு முடிந்து போகும் முதல் நாள் மட்டும் மத்தியானத்துக்கு மேல் நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கியதுபோல் இருக்கிறது. இரண்டாம் நாள் பரவாயில்லை. ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள். ஆஸ்துமா கிழமை பார்த்து வருமா?

(திண்டுக்கல் மாவட்ட வாசகர்)

பதில்: நல்ல கேள்வி கேட்டீர்கள் ஐயா. கிழமை பார்த்து வருகிற நோய் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் பிசினோசிஸ், பஞ்சுத் தூசியால் வருவது. ஒரு நாள் ஓய்வுக்குப் பிறகு தூசி உள்ளே போகும்போது நெஞ்சு இறுகும், அடுத்தடுத்த நாள் குறையும். அப்படியே விட்டால் சில வருடங்களில் இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்று நீண்டு, கடைசியில் லீவு நாளிலும் விடாது. அந்தக் கட்டத்தில் நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்புவது கடினம். பஞ்சுப் பொதியைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோரூம், கார்டிங் பகுதிகளில்தான் தூசி அதிகம்.

டாக்டரிடம் “ஆஸ்துமா” என்று தொடங்காமல், உங்கள் வேலையையும் அந்த முதல் நாளையும் சொல்லுங்கள். முதல் நாள் ஷிஃப்டுக்கு முன்பு ஒரு தடவை, முடிந்ததும் ஒரு தடவை ஊதிப் பார்த்தால் வித்தியாசம் எண்ணிலேயே தெரிந்துவிடும். தொழிலாளர் சட்டப்படி இது அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய், இ.எஸ்.ஐ. காப்பீட்டின் தொழில்நோய்ப் பட்டியலிலும் இருக்கிறது. தூசி குறைவான பகுதிக்கு மாற்றல் கேட்கவும் டாக்டர் அப்படி எழுதித் தரும் சீட்டு உதவும். பீடி, சிகரெட் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள்; பஞ்சுத் தூசியும் புகையும் சேர்ந்தால் சேதம் பல மடங்கு.

கேள்வி: வயது 61, சர்க்கரை 15 வருடமாக. இரண்டு மாதமாக நடு இரவு ஒரு மணிக்கு மூச்சு முட்டி எழுந்து, ஜன்னலைத் திறந்து உட்கார்ந்தால்தான் அடங்குகிறது. மாலையில் கால் வீங்கி, செருப்பு வார் பதிகிறது. நெஞ்சுவலி இல்லை. பக்கத்துக் கிளினிக்கில் ஆஸ்துமா என்று நெபுலைசர் வைக்கிறார்கள்.

(விருதுநகர் வாசகர்)

பதில்: 61 வயதில், முன்பு ஒரு நாளும் இழுப்பு இல்லாதவருக்குப் புதிதாக இப்படி வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதயம். படுத்தால் முட்டுவது, உட்கார்ந்தால் அடங்குவது, கால் வீக்கம் மூன்றும் சேர்ந்து அதைத்தான் காட்டுகின்றன. சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பே வலியில்லாமல் வந்து போகலாம், அதனால் வலி இல்லை என்று ஆறுதல்பட வேண்டாம். இந்தப் பதில் அச்சாகி வரும்வரை காத்திருக்கக் கூடாது என்பதால், கடிதத்தில் இருந்த எண்ணுக்கு அலுவலகத்திலிருந்து பேசச் சொன்னேன். உங்கள் மருமகள் எடுத்து, காலையில் அழைத்துப் போவதாகச் சொன்னார். இ.சி.ஜி., எக்கோ இரண்டும் எடுங்கள். எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள் என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அதற்குள் இரவில் மறுபடி மூச்சு முட்டினால் கிளினிக் திறக்கக் காத்திருக்காதீர்கள், 108ஐ அழையுங்கள்.